கத்தி படாமல் கொழுப்பை அளப்பது

(விருத்தாசலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "அண்ணே, நீங்க பீங்கான் படிச்சிட்டு எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போன ஆளு. அதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். அவர் சொன்ன நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். நான் டாக்டர் இல்லை. கருவிகளோடு காலம் தள்ளியவன். ஆகவே மருந்து, வைத்தியம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அளப்பது எப்படி என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பெண்களின் மார்பகத் திசுவில் உள்ள கொழுப்பைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறையில் அளப்பது. ஆஸ்பத்திரியில் இதை எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்பார்கள். பீங்கான்காரர்கள் கூடியிருக்கும் சபையில் இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இந்த அளவை வேலையில் நம்ம சரக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது காரணம்தான் பெரியது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தார்கள். இந்தப் பந்தலில் இருக்கும் எந்தக் குடும்பமும் "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்ல முடியாது.

மல்லாட்டையிலிருந்து தொடங்குவோம்

நம்ம ஊர் மண்ணில் மல்லாட்டையும் முந்திரியும் விளையும். வி.ஆர்.ஐ. என்று பெயர் தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி ஊர் ஊராகப் போயிருக்கின்றன. ஒரு விதையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் என்ன செய்வோம்? இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, எண்ணெயைப் பிரித்து எடை போடுவோம். கணக்கு கிடைக்கும்; விதை போய்விடும். நல்ல விதை என்று தெரியும்போது விதைப்பதற்கு அது கையில் இருக்காது.

1960-களிலேயே உலகத்தில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். முழு விதையைக் காந்தத்துக்கு நடுவில் வைத்து, ரேடியோ அலையைச் செலுத்தி, விதைக்குள் இருக்கும் எண்ணெயின் ஹைட்ரஜன் திருப்பி அனுப்பும் சமிக்ஞையை அளந்தார்கள். சமிக்ஞை எவ்வளவோ, எண்ணெய் அவ்வளவு. அளந்து முடிந்ததும் அதே விதையை எடுத்து நிலத்தில் ஊன்றலாம், முளைக்கும்.

மார்பகத் திசுவை அளப்பதும் அடிப்படையில் இதே காரியம்தான். விதைக்குப் பதிலாக ஒரு மனுஷி. வெட்டி எடுத்துச் சோதித்தால் விவரம் கிடைக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பெண்ணை வெட்டிப் பார்க்க முடியுமா? கத்தி படாமல், ஊசி படாமல், எக்ஸ்ரே கதிரும் படாமல், எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம் என்பதில்தான் இந்த முறையின் மதிப்பு இருக்கிறது.

செம்பும் ஹைட்ரஜனும்

சரி, எப்படி அளக்கிறார்கள்? நம் உடம்பில் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு பொடிக் காந்தம் போன்றது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தோடு ஒப்பிட்டால், 1.5 டெஸ்லா என்பது முப்பதாயிரம் மடங்கு. அந்தப் புலத்துக்குள் ஹைட்ரஜன் கருக்கள் பம்பரம் தள்ளாடுவது போலச் சுற்றும். 1.5 டெஸ்லாவில் இந்தச் சுற்று வினாடிக்கு ஏறத்தாழ ஆறு கோடியே நாற்பது லட்சம் தடவை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். நாம் கேட்கும் எப்.எம். ரேடியோ 88-இல் தொடங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே இந்த ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அதிர்வெண்ணில் ஒரு ரேடியோத் துடிப்பைக் கொடுத்தால் ஹைட்ரஜன் அதை வாங்கிக்கொண்டு, பிறகு தானும் ஒரு சமிக்ஞை கொடுக்கும். 1946-இல் அமெரிக்காவில் பிளாக் குழுவும் பர்செல் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு. நம் நாடும் பின்தங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்பவர் ஓடும் திரவத்தில் இந்தச் சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 1951-லேயே கட்டுரை வெளியிட்டார்.

எல்லா ஹைட்ரஜனும் ஒரே ஸ்வரத்தில் பாடினால் நமக்கு லாபமில்லை. பாடுவதில்லை என்பதுதான் விசேஷம். இதைப் பீங்கான்காரருக்கு விளக்குவது சுலபம். கிளேஸில் காப்பர் ஆக்சைடு சேர்க்கிறோம். காற்று தாராளமாகப் போகும் சூளையில் சுட்டால் பச்சை. காற்றைக் குறைத்துப் புகை மூட்டிச் சுட்டால் சிவப்பு. செம்பு அதே செம்புதான். அதைச் சுற்றியுள்ள நிலைமை மாறியது, நிறம் மாறியது. ஹைட்ரஜனும் அப்படியே. நீரில் அது ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது. கொழுப்பில் கார்பன் சங்கிலியோடு ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் யார் என்பதைப் பொறுத்து அதன் அதிர்வெண் இம்மியளவு மாறும். எவ்வளவு இம்மி? 1.5 டெஸ்லாவில், ஆறு கோடியே நாற்பது லட்சத்தில் ஏறத்தாழ 220 மட்டும். இந்த 220-ஐப் பிரித்துக் காட்டுவதுதான் நிறமாலை. காகிதத்தில் வரும்போது மலைத்தொடர் போல இருக்கும். நீருக்கு ஒரு சிகரம், கொழுப்புக்கு ஒரு சிகரம். சிகரத்தின் கீழுள்ள பரப்புதான் அளவு.

இடங்களுக்குப் பி.பி.எம். கணக்கில் பெயர் உண்டு. நீர் 4.7-இல் நிற்கும். கொழுப்புச் சங்கிலியின் பெரும்பகுதி 1.3-இல் நிற்கும்; அதுதான் மிக உயரமான கொழுப்புச் சிகரம். சங்கிலியின் வால்நுனி 0.9-இல். இரட்டைப் பிணைப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜன் 5.3-இல். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் 2.8-இல்.

இந்த இரட்டைப் பிணைப்பு விவகாரம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்ததே. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, சங்கிலிகள் நேராக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு அதிகம், சங்கிலிகள் வளைந்திருப்பதால் எளிதில் அடுங்காது. நிறமாலையில் 5.3, 2.8, 1.3 ஆகிய மூன்று சிகரங்களையும் ஒப்பிட்டால், ஒரு பெண்ணின் மார்பகக் கொழுப்பில் தேங்காய் எண்ணெய் ஜாதி எவ்வளவு, நல்லெண்ணெய் ஜாதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆகவே, கொழுப்பு எவ்வளவு, அது எந்த ரகம் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே அளவையில் விடை கிடைக்கிறது.

டில்லியில் பார்த்தது என்ன?

மார்பகம் என்பது பால் சுரப்பிகளும், அவற்றைத் தாங்கும் நார்த் திசுவும், நிறையக் கொழுப்பும் சேர்ந்தது. நோயில்லாத மார்பகத்தின் நிறமாலையில் பெரும்பாலும் கொழுப்புச் சிகரமே ஓங்கி நிற்கும். புற்றுக் கட்டி வளரும் இடத்தில் செல்கள் நெருக்கியடித்துப் பெருகி, கொழுப்புச் செல்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நீர்ச் சிகரம் ஓங்கிவிடும், கொழுப்புச் சிகரம் தாழ்ந்துவிடும். நீருக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதம் ஏறிவிடும்.

புது டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், எய்ம்ஸ் என்கிறோமே, அங்கே என்.எம்.ஆர். துறையில் என்.ஆர். ஜெகந்நாதன் தலைமையில் வேலை செய்த குழு இந்த விகிதத்தைக் கையில் எடுத்தது. பின்னாளில் அவர் சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவ நிறுவனத்திலும் பணியாற்றினார். அந்தக் குழு கேட்ட கேள்வி மிக நேரானது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே சில பெண்களுக்கு மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குகிறார்களே, அந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை இந்த விகிதம் காட்டுமா? 1998-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குப் பலன் கிடைத்த பெண்களிடம் நீர்-கொழுப்பு விகிதம் இறங்கியதைக் காட்டினார்கள். கட்டி பின்வாங்க, நிறமாலை பழைய கொழுப்பு முகத்துக்குத் திரும்புகிறது.

இது ஏன் முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். பல முறை ஏற்ற வேண்டும். முடி கொட்டும், வாந்தி வரும், சோறு இறங்காது. கூட வருகிறவருக்கு வேலை போகும், கூலி போகும். இவ்வளவும் பட்டுவிட்டுக் கடைசியில் "இந்த மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை" என்று சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? போன மாதங்கள் போனதுதானே? பாதி வழியிலேயே ஒரு அளவை "கேட்கிறது" அல்லது "கேட்கவில்லை" என்று சொன்னால், டாக்டர் மருந்தை மாற்றலாம். அதனால்தான் இந்த அளவையை நான் வெறும் ஆராய்ச்சி வேடிக்கையாக நினைப்பதில்லை.

அதே குழு 2001-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆப் கேன்சர் இதழில் இன்னொரு சிகரத்தைப் பற்றி எழுதியது. கோலின் என்ற பொருளின் சிகரம், 3.2-இல் நிற்பது. செல்கள் வேகமாகப் பெருகும்போது அவற்றின் சவ்வுகளுக்குக் கோலின் சேர்மங்கள் தேவை. அதனால் புற்றுக் கட்டியில் இந்தச் சிகரம் தலைகாட்டும். நீரும் கொழுப்பும் யானை என்றால் இது எலி. யானைகளின் சத்தத்தை அடக்கினால்தான் எலியின் சத்தம் கேட்கும். கொழுப்பைச் சரியாக அளக்கவும் அடக்கவும் தெரியாதவனுக்குக் கோலினும் தெரியாது.

எண் வேறு, தீர்ப்பு வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் தொழிலில் கோன் வைத்துச் சுடுகிறோம். கோன் சாய்ந்தால் சூளை எவ்வளவு வெந்தது என்று தெரியும். உள்ளே அடுக்கிய கோப்பையில் விரிசல் விட்டதா, இல்லையா என்பதைக் கோன் சொல்லாது. நிறமாலையும் அப்படித்தான். அது ஒரு சிறு பெட்டியளவு இடத்தை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள இடத்தை மட்டுமே அளக்கிறது. பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பக்கத்துக் கொழுப்பும் உள்ளே வந்துவிடும், விகிதம் கெட்டுவிடும். படுத்திருப்பவர் மூச்சு விடும்போது திசு அசையும்.

இன்னொன்று, ரேடியோத் துடிப்பு வாங்கிய பிறகு கொழுப்பின் ஹைட்ரஜன் சீக்கிரமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். நீரின் ஹைட்ரஜன் மெதுவாகத் திரும்பும். அவசரப்பட்டு அடுத்தடுத்துத் துடிப்புக் கொடுத்தால் நீர் குறைவாகத் தெரியும், கொழுப்பு கூடுதலாகத் தெரியும். இதற்கெல்லாம் திருத்தம் போட்டுத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். திருத்தம் போடாத எண்ணும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும்!

கோலின் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. பால் கொடுக்கும் தாய்மாரின் நோயில்லாத மார்பகத்திலும் அந்தச் சிகரம் தெரியும். எய்ம்ஸ் குழுவே இதைச் சொல்லியிருக்கிறது. சிகரத்தைக் கண்டவுடனே "புற்றுநோய்" என்று முடிவு கட்டினால், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயின் தலையில் இடியை இறக்குவதாகும். ஆகவே இன்றைக்கும் நோயை உறுதிசெய்வது ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். நிறமாலை அதற்குத் துணை. அதற்குப் பதில் ஆகாது. மார்பகக் கொழுப்பின் ரகத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. "இந்த எண்ணெயை விட்டால் இந்த நோய் வராது" என்று யாராவது அவற்றைக் காட்டி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

கொழுப்பை அளப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மம்மோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத் தெரியும். கொழுப்பு குறைந்து அடர்த்தியாக உள்ள மார்பகத்தில் கட்டியைத் தேடுவது, வெள்ளை கிளேஸ் மேல் வெள்ளைப் புள்ளியைத் தேடுவது மாதிரி. இளவயதுப் பெண்களுக்கு அடர்த்தி அதிகம். அடர்த்தி அதிகமாக இருப்பதே நோய் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்றும் தெரிந்திருக்கிறது. நீரையும் கொழுப்பையும் காந்த முறையில் பிரித்து அளந்தால் இந்த அடர்த்தியை எக்ஸ்ரே இல்லாமலே எண்ணாகச் சொல்ல முடியும்.

நம்ம சரக்கு

இப்போது நான் முதலில் சொன்ன நம்ம சரக்குக்கு வருகிறேன். அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவை இன்னும் நுணுக்கமாக அளக்க ஒரு முறை இருக்கிறது. சில பத்து மில்லிகிராம் திசுவை, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குட்டிக் குழலில் அடைப்பார்கள். காந்தப் புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து வைத்து, வினாடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றுவார்கள். நம்ம பால் மில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று நினைத்துப் பாருங்கள், இதன் வேகம் புரியும். ஒரு கனசதுரத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ளே கோடு போட்டால், அது விளிம்போடு செய்யும் கோணம் இதுவே. இதை மாயக் கோணம் என்றே விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். கெட்டித் திசுவில் அகலமாகக் குழம்பிக் கிடக்கும் சிகரங்கள் இந்தக் கோணத்தில் சுழலும்போது ஊசி ஊசியாகப் பிரியும். 1950-களின் கடைசியில் ஆண்ட்ரூவும் லோவும் தனித்தனியே கண்டது இது. நார்வே நாட்டு ட்ரோன்ட்ஹெய்ம் நகரத்தார் மார்பகப் புற்றுத் திசுவை இந்த முறையில் விரிவாக ஆராய்ந்தார்கள்.

அந்தக் குழல் எதனால் ஆனது தெரியுமா? ஜிர்கோனியா! உலோகத்தால் செய்தால் காந்தத்துக்குள் வேலைக்கு ஆகாது. கண்ணாடி அந்த வேகத்தில் தாங்காது. பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் இருப்பதால் அதுவே தனியாகச் சத்தம் போடும். பலமும் வேண்டும், காந்தத்துக்கு அடங்கியும் இருக்க வேண்டும், ஹைட்ரஜன் சமிக்ஞையும் தரக்கூடாது. இத்தனைக்கும் பொருந்தியது ஒரு பீங்கான். நாம் நெய்வேலி வெள்ளைக் களிமண்ணில் அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்து பழகிய கைகள். அதே அறிவின் இன்னொரு நுனி அங்கே போய் நிற்கிறது. இங்கே படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைச் சொல்லவே ஆசைப்பட்டேன். பீங்கான் படிப்பு கோப்பையோடு முடிவதில்லை.

நாம் செய்யக்கூடியது

கடைசியாக ஒன்று. டில்லியில் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பெண்ணைத்தான் அளக்க முடியும். நம் ஊர்ப்பக்கம் மார்பில் கட்டி என்றால் பெண்கள் வெளியில் சொல்வதில்லை. கட்டியில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால் "சூட்டுக் கட்டி, தானா கரைஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். மகனிடம் சொல்ல வெட்கம், மருமகளிடம் சொல்லத் தயக்கம், வீட்டுக்காரரிடம் சொன்னால் செலவு என்ற பயம். கடைசியில் ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய்க் கழகத்துக்கோ போய்ச் சேரும்போது கட்டி முற்றிவிட்டிருக்கும். அடையாறில் அந்த மருத்துவமனையை முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கினார். இத்தனை ஆண்டு கழித்தும் நம் வீட்டுப் பெண்கள் தாமதமாகத்தான் போகிறார்கள் என்றால், அங்கே கருவி இல்லாதது அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யத் திட்டம் இருக்கிறது. அதற்குக் காந்தமும் வேண்டாம், நிறமாலையும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸம்மாவின் கை போதும். நம் நண்பர்களில் பலர் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பட்டறை நடத்துகிறீர்கள். பொம்மைக்கு வர்ணம் தீட்டுவதும், காய்ந்த சரக்கைச் சீவிச் சுத்தம் செய்வதும், அகல் விளக்கை அடுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். அரை நாள் வேலைக்குப் போகாவிட்டால் அரை நாள் கூலி போச்சு என்பதால் அவர்கள் பரிசோதனைக்குப் போவதில்லை. நான் உங்களிடம் கேட்பது இதுதான். வருஷத்தில் ஒரு நாள், கூலி பிடிக்காமல், அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிந்தால் சுகாதார நிலையத்தில் பேசி, கிராம சுகாதார செவிலியரையே பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். நம் சங்கம் அடுத்த சந்திப்புக்குள் இதை எத்தனை பட்டறையில் செய்தோம் என்று ஒரு கணக்கு எடுத்து, அடுத்த மலரில் அச்சிடட்டும். அளப்பதில் பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அந்த எண் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மார்பில் புதிதாகக் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் நெறி, இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றாக இருப்பதில்லை. ஆனால் எது புற்று, எது இல்லை என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது.